பழைய நகைச்சுவை ரீல் கைக்கு வந்தால்: ஓட்டுவதற்கு முன்

பெயரே கேள்விப்படாத மௌனப் படக் குறும்படங்களைச் சேகரிப்பாளர்கள் விடாமல் தேடுவதற்குக் காரணம் உண்டு. கையில் இருக்கும் பிரதிதான் கடைசிப் பிரதியாகவும் இருக்கலாம். நகைச்சுவை இரட்டையர் லாரல், ஹார்டி நடித்த 'தி பேட்டில் ஆஃப் தி செஞ்சுரி' (1927) படத்தின் இரண்டாம் ரீல், ஒரு சேகரிப்பாளரின் 16 மி.மீ. பிரதியிலிருந்து 2015இல்தான் வெளியே தெரிந்தது. ஆகவே வாங்கிய ரீலை உடனே புரொஜெக்டரில் மாட்ட வேண்டாம்.

முதலில் அகலத்தைப் பாருங்கள். 1950களின் தொடக்கத்துக்கு முந்தைய 35 மி.மீ. என்றால் அது எளிதில் தீப்பிடிக்கும் நைட்ரேட்டாக இருக்கலாம். வீட்டில் வைக்காமல் திரைப்பட ஆவணக் காப்பகத்தைக் கேளுங்கள். கோடக் 1923இல் கொண்டுவந்த 16 மி.மீ. தொடக்கத்திலிருந்தே அசிட்டேட், அதாவது எளிதில் தீப்பிடிக்காத பிளாஸ்டிக் வகை. அதற்குத் தீ பயமில்லை, ஆனால் வேறு நோய் உண்டு: டப்பாவைத் திறந்ததும் வினிகர் நெடி அடித்தால் சிதைவு தொடங்கிவிட்டது. அந்த அமில ஆவி பக்கத்து ரீல்களையும் கெடுக்கும். தனியாக, காற்றோட்டமாக, குளிர்ச்சியான உலர்ந்த இடத்தில் வையுங்கள். மூடியை இறுக்கினால் ஆவி உள்ளேயே தங்கிச் சிதைவை வேகப்படுத்தும்.

அடுத்தது, ஃபிலிம் எவ்வளவு சுருங்கியிருக்கிறது என்பது. இதற்குக் கருவி வேண்டாம். சுருங்காத புதிய 16 மி.மீ. ஃபிலிமிலும் பழையதிலும் 100 ஃப்ரேம் எண்ணி, முதல் துளைகளைப் பொருத்தி ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடத்துங்கள். கடைசியில் ஒரு ஃப்ரேம் நீளம் குறைந்தால் சுருக்கம் 1 சதவீதம். அந்த அளவில் ஃபிலிமை இழுக்கும் புரொஜெக்டரின் பல் துளையில் சரியாக உட்காராமல் கிழிக்கும். பல்சக்கரம் இல்லாத ஸ்கேனரே பாதுகாப்பு.

துளைகளையும் கவனியுங்கள். இருபுறமும் இருந்தால் மௌனப் பிரதி. ஒருபுறம் மட்டும் என்றால் ஒலிப்பட்டைக்கு இடம்விட்ட ஃபிலிம். இரண்டு பக்கமும் பல் உள்ள பழைய மௌனப் புரொஜெக்டரில் இதை ஓட்டினால், துளையில்லாத ஓரம் முழுக்கப் பொத்தலாகிவிடும்.

ஓரத்தில் சதுரம், வட்டம், முக்கோணமாகத் தெரிவது, ஃபிலிம் தயாரான ஆண்டைக் காட்டும் கோடக்கின் குறி. ஒரே குறி 20 ஆண்டுக்கு ஒருமுறை திரும்ப வந்ததால் அதை மட்டும் நம்பக்கூடாது. கறுப்புக் குறி பிரதி ஃபிலிமுடையது. வெளிறிய குறி பெரும்பாலும் நெகட்டிவிலிருந்து பதிந்தது.

வீட்டில் பார்க்க விற்ற பிரதிகளில் வெட்டு அதிகம், எனவே நீளத்தை அளந்து குறித்துவையுங்கள். 16 மி.மீ. 400 அடி ரீல் நொடிக்கு 16 ஃப்ரேமில் சுமார் 16½ நிமிடம், 24இல் 11 நிமிடம் ஓடும். மௌனப் படங்களுக்கு ஒரே வேகம் கிடையாது. விழுவதற்கு முன் நடிகர் தயங்கி நிற்கும் அந்த ஒரு கணம் கண்ணுக்குப் பிடிபடும் வேகம் எதுவோ, அதைக் கண்டுபிடித்து வையுங்கள்.