கைக்குழந்தை வளர்ந்து ஓடும் வீட்டில் சாமி கும்பிடுவது: தவிர்க்க வேண்டிய தவறுகள்

எங்கள் குடியிருப்பில் இப்போது ஒன்றரை, இரண்டு வயதுப் பிள்ளைகள் நிறைய. சாயங்காலம் மாடியில் துணி எடுக்க வரும் அம்மாக்கள் சொல்வது ஏறக்குறைய ஒன்றேதான்: "அக்கா, இவன் பொறந்ததுலேருந்து ஒழுங்கா சாமி கும்பிட முடியலை. நாள் முழுக்க ஊட்டறது, கழுவி விடறது. எதுக்கு இருக்கேன்னே சில நாள் தெரியலை."

இரண்டு பிள்ளைகளோடு அந்த வயதைக் கடந்து வந்ததால், இவர்கள் எங்கே போய் முட்டிக்கொள்வார்கள் என்று எனக்கு முன்கூட்டியே தெரிகிறது. பொறுமையாக இருங்கள், பக்கத்து வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிடாதீர்கள் என்பதையெல்லாம் யார் வேண்டுமானாலும் சொல்வார்கள். அவற்றை விட்டுவிடுகிறேன்.

பூஜை முடியும்வரை கையில் போன்

இன்றைக்கும் எனக்கு ஆத்திரம் வருவது இதற்குத்தான். விளக்கேற்றி உட்கார்ந்தால் குழந்தை மடியில் ஏறும், குங்குமத்தைக் கொட்டும். அதனால் போனில் முருகன் கார்ட்டூனைப் போட்டுக் கொடுத்துவிடுகிறார்கள். சாமிப் பாட்டுத்தானே என்று ஒரு சமாதானம். ஆயிரம் நாமமும் தடையில்லாமல் முடிந்துவிடுகிறது.

எதிர் வீட்டுப் பையனுக்கு இரண்டு வயது ஆகப்போகிறது. ஒருநாள் அவன் அம்மா ஆரத்தித் தட்டை எடுத்து மணியை ஆட்டினாள். கூடத்தில் பொம்மைக் காரை உருட்டிக்கொண்டிருந்தவன் அதைப் போட்டுவிட்டு ஓடி வந்தான். சாமி பக்கம் திரும்பவே இல்லை. அவள் முன்னால் நின்று கையை நீட்டி, விரல்களை மடக்கி மடக்கி, "போ... போ..." என்றான். போன் கேட்கிறான். மணி அடித்தால் போன் வரும் என்பதுதான் அவன் கற்றுக்கொண்டது.

இந்த வயதில் பிள்ளைகள் கற்பதே இதற்கு அப்புறம் இது என்கிற வரிசையைத்தான். அதில் எதைச் சேர்த்துவைக்கிறோமோ அது ஒட்டிக்கொள்ளும். இரண்டு வயதுக்குள் திரையே வேண்டாம், இரண்டு முதல் நான்கு வயது வரை நாளுக்கு ஒரு மணி நேரத்தைத் தாண்ட வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2019-லேயே சொல்லியிருக்கிறது. பக்திக் கார்ட்டூனுக்குத் தனிச் சலுகை கிடையாது.

அம்மாவுக்கு நேரும் நஷ்டம் இதைவிடப் பெரிது. குழந்தை பக்கத்தில் இல்லாத அரை மணி நேரம்தான் வழிபாடு என்று மனசு பழகிவிடுகிறது. மிச்சப் பொழுதெல்லாம் வெறும் வேலையாகத் தோன்றுகிறது. மாடியில் வந்து சொல்லும் அந்த வெறுமை இங்கேதான் தொடங்குகிறது.

பாராயணத்தைக் குழந்தை தாங்கும் அளவுக்குச் சுருக்குங்கள். நாலு வரி போதும். அவனுக்கும் ஒரு வேலை கொடுங்கள்: மணி ஆட்டட்டும், சாமந்தி எடுத்து வைக்கட்டும். அரளி மட்டும் வேண்டாம். அது விஷம், வாயில் போட்டுவிடுவான். பாதிப் பூ தரையில்தான் விழும், விழட்டும். மிச்ச நாமத்தைப் பருப்பு வேகும்போதும், முதுகைத் தட்டித் தூங்கவைக்கும்போதும் சொல்லிக்கொள்ளலாம்.

தூங்கினதும் கும்பிட்டுக்கொள்ளலாம்

அவன் தூங்குவதற்குள் நீங்கள் தூங்கியிருப்பீர்கள்.

அதற்காகக் காத்திருக்கவும் வேண்டியதில்லை. தெய்வத்தையே குழந்தையாக்கிப் பாடுவதற்கென்று பிள்ளைத்தமிழை வைத்திருக்கிறவர்கள் நாம். செங்கீரை ஆடுவது, சப்பாணி கொட்டுவது, தளர்நடை போட்டு வருவது, நிலாவைக் கூப்பிடுவது என்று பத்துப் பருவம். அதற்கும் முன்னால் பெரியாழ்வார் கண்ணனைக் குளிக்க வா என்று கெஞ்சுகிறார், தலைவாரக் காக்கையைத் துணைக்குக் கூப்பிடுகிறார், காது குத்த அழைக்கிறார். பாத்ரூம் வாசலில் எண்ணெய்க் கையோடு நீங்கள் தினமும் செய்வதும் அதைத்தானே? அந்தப் பாசுரங்களை ஒன்றிரண்டாவது மனப்பாடம் செய்து, தண்ணீர் ஊற்றும்போது சொல்லுங்கள். அதையே பூஜையாக நினைத்துச் செய்யலாம்.

விட்டுப்போன நாட்களை எண்ணுவது

வேண்டாம்.

சலிப்பை மறைப்பது

தாய்மை ஒரு தவம் என்று சொல்லிச் சொல்லியே பெண்களை வாயடைத்துவிட்டார்கள். ரசம் சாதத்தை மூன்றாம் தடவையும் துப்பினால் சலிப்பு வரத்தான் செய்யும். அதைச் சாமியிடமே சொல்லலாம், கோபமாகவே சொல்லலாம்.

ஆனால் இரண்டு வாரத்துக்கு மேலாக எதிலும் பிடிப்பில்லை, அழுகை நிற்கவில்லை, குழந்தை தூங்கியும் உங்களுக்குத் தூக்கமில்லை என்றால் அது பக்திக் குறைவு அல்ல. டாக்டரைப் பாருங்கள். பரிகாரம் செய்து பார்த்துவிட்டு அப்புறம் போகலாம் என்று தள்ளிப்போடாதீர்கள். அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலி மானஸ் 14416 எண்ணில் தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை.

அறுபத்துமூவருக்குத் தூக்கிக்கொண்டு போவது

மயிலாப்பூர் பங்குனிப் பெருவிழாவின் எட்டாம் நாள், நாயன்மார் அறுபத்துமூவரும் ஊர்வலம் வரும் பிற்பகல் வெயிலில், அந்த நெரிசலில் இரண்டு வயதுப் பிள்ளைக்கு என்ன தெரியும்? முன்னால் நிற்பவர்களின் முதுகுதான். மூன்றாம் நாள் விடியற்காலை சாமி அதிகார நந்தி வாகனத்தில் வருவதைப் பார்க்கப் போங்கள். எப்படியும் ஐந்து மணிக்கே எழுந்து உட்காருகிற ஜாதிதானே! வெயில் இருக்காது, மாட வீதியில் ஓரமாக நின்று தோளில் ஏற்றிக் காட்டலாம்.

மற்ற நாட்களில் பிரதோஷக் கூட்டத்தைத் தவிர்த்துக் காலையில் கபாலீசுவரர் கோவிலுக்குப் போகலாம். கோசாலைப் பக்கம் மாட்டைப் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு, சன்னிதிக்குப் போகாமலே திரும்பினாலும் சரிதான்.

கற்பூரம், பேட்டரி அகல்

இரண்டையும் கைக்கு எட்டாமல் வையுங்கள். கற்பூரம் கற்கண்டு மாதிரியே இருக்கும். கொஞ்சம் விழுங்கினாலும் சில நிமிடங்களில் வலிப்பு வரலாம். பேட்டரி அகலின் பொத்தான் பேட்டரி தொண்டைக்குக் கீழே சிக்கினால் இரண்டு மணி நேரத்தில் உணவுக்குழாயை அரித்துவிடும். எதை விழுங்கியிருந்தாலும் வாந்தி எடுக்கவைக்காதீர்கள். 108-ஐக் கூப்பிடுங்கள், இல்லை கிடைக்கிற ஆட்டோவில் நேரே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.