மசால் வடை மொறுமொறுவென்று வர

டீக்கடை மசால் வடையின் மொறுமொறுப்பு வீட்டில் வராமல் போவதற்குப் பெரும்பாலும் தண்ணீர்தான் காரணம். கடலைப் பருப்பு 2 மணி நேரம் ஊறினால் போதும். இரவு முழுக்க ஊறவைத்தால் மாவு கொழகொழத்துவிடும், எண்ணெயும் குடிக்கும். ஊறிய பருப்பை வடிதட்டில் கொட்டி 10 நிமிடம் அப்படியே விடுங்கள். அதில் ஒரு கைப்பிடியைத் தனியே எடுத்து வைத்துவிட்டு, மீதியைச் சோம்பு, காய்ந்த மிளகாயோடு மிக்சியில் விட்டு விட்டுச் சுற்றுங்கள். சொட்டுத் தண்ணீர்கூட வேண்டாம், கொரகொரப்பாக இருக்கட்டும். எடுத்து வைத்த முழுப் பருப்பையும் இதில் கலந்தால் கடிக்கும்போது அங்கங்கே நறுக்கென்று தட்டுப்படும். எனக்கு வடையே அதற்காகத்தான்.

வெங்காயமும் உப்பும் கடைசியில்தான். உப்பு பட்டதும் வெங்காயம் தண்ணீர் விட ஆரம்பித்துவிடும் என்பதால், எண்ணெய் காய்ந்த பிறகு கலந்தால் போதும். துளி மாவைப் போட்டதும் மேலே எழும்பி வந்தால் சரி. அப்புறம் மிதமான தீ. தீ கூடினால் மேலே சிவந்துவிடும், உள்ளே வேகாது. எண்ணெயின் சலசலப்பு அடங்கியதும் எடுத்துவிடலாம்.

தட்டும்போது உதிர்கிறதா? ஒரு ஸ்பூன் அரிசி மாவு சேர்த்துப் பிசையுங்கள்.