மாடல் ரயில் நிலையம் கட்டும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

புதிதாக மாடல் ரயில் லேஅவுட் (தண்டவாளம், ஸ்டேஷன் எல்லாம் சேர்ந்த மொத்த அமைப்பு) போடுகிறவர்கள் காட்டும் படங்களைப் பார்த்தால், ஆரம்பத்தில் நான் அடித்த கூத்தெல்லாம் வரிசையாக வந்து நிற்கிறது. பிளேடு மழுங்கக் கூடாது, பசை வழியக் கூடாது என்பதெல்லாம் இரண்டு நாளில் தானாகவே புரிந்துவிடும், விடுங்கள். கீழே உள்ள கணக்கெல்லாம் ஹெச்ஓ அளவுக்கு, அதாவது 1:87, நிஜத்தில் 87-ல் ஒரு பங்கு.

வளைவில் பிளாட்பாரம்

இதைப் பார்த்தால்தான் இன்னும் எரிச்சல் வருகிறது. தெரிந்த பையன் ஒருவன் 22 அங்குல ஆர வளைவின் உட்பக்கம் சன்போர்டு என்ற நுரைப் பலகையில் பிளாட்பாரம் கட்டி, ஷெட் போட்டு, எல்இடிக்கு ஒயர் இழுத்து, மஞ்சள் பெயர்ப்பலகை வரைக்கும் நட்டு முடித்துவிட்டுக் கூப்பிட்டான். வண்டி ஓட்டிப் பார்த்தாயா என்று கேட்டேன். "பார்த்தேன் அண்ணா, சரக்கு வேகன் சூப்பரா போகுது." குட்டை வேகன் போகத்தான் செய்யும்! எல்ஹெச்பி என்ற நீளமான பயணிகள் பெட்டியை விட்டதும் அதன் நடுப்பகுதி விளிம்பில் உரசி, தடம் புரண்டது. பிளாட்பாரத்தைப் பெயர்த்ததில் ஒயரும் அறுந்தது, ஷெட்டும் போச்சு.

எல்ஹெச்பி பெட்டி நிஜத்தில் சுமார் 23.5 மீட்டர், மாடலில் 27 செ.மீ. தண்டவாளம் வளையும், பெட்டி வளையாது. அதனால் நடுப்பகுதி வளைவின் உட்பக்கம் சுமார் 6.5 மி.மீ. தள்ளும், முனைகள் வெளிப்பக்கம் கிட்டத்தட்ட 10 மி.மீ. தள்ளும். பெட்டியின் பாதி அகலம் 18.6 மி.மீ. என்பதால் நேர்ப்பாதையில் தடத்தின் நடுவிலிருந்து 20 மி.மீ. விட்டால் போதும், அதையே இவன் வளைவிலும் விட்டிருக்கிறான்.

கணக்கு பிடிக்காதவர்கள், உங்களிடம் உள்ளதிலேயே நீளமான பெட்டியின் பக்கவாட்டில் நடுவிலும் முனையிலும் ஒவ்வொரு பென்சிலை நிமிர்த்தி டேப் போட்டு, கையால் மெதுவாகத் தள்ளுங்கள். தரையில் விழும் கோட்டிலிருந்து இன்னும் 2 மி.மீ. தள்ளி வெட்டுங்கள். சிக்னல் கம்பம், சுரங்க வாய், ஷெட் கூரையின் விளிம்பு எல்லாவற்றுக்கும் இதே சோதனைதான். அப்புறம்தான் பசை.

பளபளப்பு

நேற்றுத் திறந்த ஸ்டேஷன் மாதிரி இருந்தால் யாரும் நம்பமாட்டார்கள், அதற்காக எல்லா இடத்திலும் ஒரே அழுக்கைப் பூசினாலும் நம்பமாட்டார்கள். அழுக்குக்குக் காரணம் வேண்டும். பிரேக்கிலிருந்து வரும் இரும்புத் தூள் ஜல்லியிலும் பிளாட்பாரத்தின் பக்கச் சுவரிலும் துருப்பழுப்பாகப் படியும், கூரைத் தகரத்தின் துரு மழைநீர் வழியும் கோட்டில்தான் இறங்கும். தூணின் அடியில் ஊசிமுனை அளவு வெற்றிலைச் சிவப்பு வையுங்கள், நம் ஊர் ஸ்டேஷன் வந்துவிடும்.

வாசலில் நிற்கும் கார்

பொம்மைக் கடை கார்கள் பல 1:64. ஹெச்ஓ ஆளுக்குப் பக்கத்தில் அது லாரி.

தெர்மாகோலில் ஸ்ப்ரே பெயிண்ட்

கரைந்துவிடும். வேண்டாம்.

ஜன்னலுக்குச் சூப்பர் க்ளூ

அதன் ஆவி பட்டே பிளாஸ்டிக் கண்ணாடி வெள்ளையாகப் பூத்துவிடும். வெள்ளைப் பசையால் ஒட்டிவிட்டு, காயும்வரை கையைக் கட்டிக்கொண்டிருங்கள்.