கணவர் எல்லைக்கு அந்தப் பக்கம் இருந்தால் ஜீவனாம்சம் கேட்பது எப்படி?

கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில் உள்ள கொழிஞ்சாம்பாறையிலிருந்து தமிழ்நாட்டுப் பொள்ளாச்சிக்குக் கட்டிக்கொடுத்த பெண், பிள்ளையோடு தாய்வீடு திரும்பினால், "வழக்கை அவன் ஊரில்தான் போட வேண்டும்" என்று யாராவது சொல்வார்கள். அதை நம்பி மனுப் போடாமல் இருந்துவிடாதீர்கள்.

1. எங்கே மனு?
நீங்கள் இப்போது குடியிருக்கும் ஊரிலேயே. 2024 ஜூலை 1 முதல், பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125-ஆம் பிரிவுக்குப் பதிலாக, அதன் இடத்துக்கு வந்த புதிய சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 144-ஆம் பிரிவு நடப்பில் இருக்கிறது. மனைவி வசிக்கும் மாவட்டத்திலும் வழக்கு நடத்தலாம் என்று 145-ஆம் பிரிவு சொல்கிறது. ஆகவே பாலக்காடு குடும்ப நீதிமன்றம் போதும். மகன் கைவிட்ட பெற்றோரும் இப்போது தங்கள் ஊரிலேயே கேட்கலாம். பழைய சட்டத்தில் இந்த வசதி இல்லை.

2. வக்கீலும் காகிதங்களும்
பெண்களுக்கு இலவச சட்ட உதவி உண்டு, வருமான வரம்பு கிடையாது. 15100 என்ற எண்ணை அழையுங்கள். திருமணச் சான்று, பிள்ளையின் பிறப்புச் சான்று, முகவரிக்கு ரேஷன் அட்டை, கணவரின் வருமானம் காட்டும் எதுவானாலும் எடுத்துவையுங்கள். தமிழ்க் காகிதங்களுக்கு மொழிபெயர்ப்புத் தேவைப்படலாம். வக்கீலிடம் முதலிலேயே கேளுங்கள். ரஜ்னேஷ் எதிர் நேஹா வழக்கில் 2020-இல் உச்ச நீதிமன்றம் சொன்னபடி, இருவரும் சொத்து, வருமானம் பற்றிப் பிரமாணப் பத்திரம் தர வேண்டும்.

3. இடைக்கால ஜீவனாம்சம்
வழக்கு முடியும்வரை கிடைக்க வேண்டிய தொகை இது; முதல் மனுவோடு இதையும் சேர்த்தே கேளுங்கள். எதிர்த்தரப்புக்கு நோட்டீஸ் சேர்ந்த 60 நாளுக்குள், இயன்றவரை, முடிவு செய்ய வேண்டும் என்பது சட்டம். ஜீவனாம்சம் மனுப் போட்ட நாளிலிருந்து கணக்காகும் என்று அதே 2020 தீர்ப்பு கூறுவதால், தள்ளிப்போடும் ஒவ்வொரு மாதமும் உங்களுக்குத்தான் நட்டம். வேண்டுமென்றே சம்மனை வாங்காமல் ஒளிபவருக்கு எதிராக, அவர் வராமலேயே உத்தரவு வரலாம்.

4. பணம் வராவிட்டால்
உண்மையான போராட்டம் இங்கேதான். உத்தரவின் நகல் உங்களுக்கு இலவசம். அதை வைத்துக்கொண்டு, கணவர் இருக்கும் இடத்து மாஜிஸ்திரேட்டிடமே நிறைவேற்றக் கேட்க 147-ஆம் பிரிவு வழி தருகிறது. பாலக்காட்டு உத்தரவு பொள்ளாச்சியிலும் செல்லும். அங்கே வழக்கை மறுபடி நடத்த வேண்டியதில்லை. பாக்கியை வசூலிக்க நீதிமன்றம் தரும் வாரண்டுக்குப் பிறகும் கட்டாமல் இருந்தால், ஒவ்வொரு மாதப் பாக்கிக்கும் ஒரு மாதம் வரை சிறை. சிறைக்குப் போனதால் பாக்கி தீராது என்று 1989-லேயே உச்ச நீதிமன்றம் தெளிவாக்கிவிட்டது.

தவணை சேர வேண்டிய நாளிலிருந்து ஓராண்டுக்குள் வாரண்டுக்கு மனுக் கொடுத்தாக வேண்டும். "அடுத்த மாதம் சேர்த்துத் தருகிறேன்" என்ற பேச்சில் அந்த ஓராண்டைக் கரைத்துவிடாதீர்கள்.

5. அவர் வளைகுடாவில் இருந்தால்
மனு இங்கேதான்; சம்மனை நீதிமன்றம் அரசு வழியாக அனுப்பும். அவருடைய வெளிநாட்டு முகவரியையும் வேலை செய்யும் நிறுவனத்தின் பெயரையும் முடிந்தவரை துல்லியமாகக் கொடுங்கள். ஐக்கிய அரபு அமீரகத்தோடு இந்தியாவுக்கு நீதிமன்ற ஒப்பந்தம் உண்டு என்றாலும், அங்கே நிறைவேற்றுவது நீண்ட வேலை. இங்கே அவர் பெயரில் நிலமோ வண்டியோ இருந்தால், அந்த விவரத்தை முதல் வாய்தாவுக்கு முன்பே வக்கீலிடம் எழுதிக் கொடுங்கள். பாக்கியை வசூலிக்க அதுவே பக்கத்து வழி.