நிறுத்தாதீர்கள், வெட்டுங்கள்: மெலியெஸ் பாணியில் கைப்பேசியில் ஒரு தந்திரப் படம்

அக்கா மகளை நாற்காலியில் உட்கார வைத்து, போர்வையால் மூடி, போர்வையை இழுத்ததும் மறைந்துபோக வைப்பதாக வாக்குக் கொடுத்துவிட்டேன். கொடுக்க ஒரு நிமிடம்கூட ஆகவில்லை, நிறைவேற்ற மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் ஆயின. முதல் இரண்டு ஞாயிறும் பாழானதற்குக் காரணம், சினிமா வரலாறு படித்த யாரும் நம்பிவிடக்கூடிய ஒரு கதை.

கதை இதுதான். 1896. பாரிஸ் நகரின் ஓபரா சதுக்கத்தில் பிரெஞ்சு சினிமா முன்னோடி ஜார்ஜ் மெலியெஸ் தெருக்காட்சியைப் படம் எடுத்துக்கொண்டிருக்கிறார். பிலிம் சிக்கிக் கேமரா நிற்கிறது. சரிசெய்து மறுபடி சுழற்றுகிறார். திரையில் போட்டுப் பார்த்தால், போய்க்கொண்டிருந்த குதிரை பஸ் கண்ணெதிரே சவ வண்டியாக மாறுகிறது. தந்திரம் பிறந்தது! இதைச் சொன்னவர் மெலியெஸேதான், 1907இல் எழுதிய கட்டுரையில். அவர் மேடை மந்திரவாதி. குடும்பத்துச் செருப்புத் தொழிலில் தன் பங்கை விற்று, 1888இல் ரொபேர்-ஊதான் மந்திர அரங்கத்தை விலைக்கு வாங்கியவர். மந்திரவாதி தன் வித்தையைப் பற்றிச் சொல்லும் கதையை எந்த அளவுக்கு நம்பலாம் என்று நான் முன்பே யோசித்திருக்க வேண்டும். எடிசன் நிறுவனம் 1895இலேயே ஸ்காட்லாந்து அரசி மேரியின் தலையை இதே முறையில் வெட்டிக் காட்டிவிட்டது என்பது வேறு விஷயம்.

நானும் கதையை நம்பி அப்படியே செய்தேன். பதிவை நிறுத்தினேன், சிறுமியை எழுப்பி அனுப்பினேன், மறுபடி பதிவைத் தொடங்கினேன். சிறுமி மறைந்தாள், உண்மைதான். கூடவே சுவரின் நிறம் மாறியது, நாற்காலி இரண்டு விரற்கடை இடம்பெயர்ந்தது, மொத்தச் சட்டகமும் விக்கல் எடுத்ததுபோல் குலுங்கியது. மந்திரம் பார்த்த உணர்வு யாருக்கும் வரவில்லை. ஏதோ பழுதான வீடியோ என்றுதான் நினைத்தார்கள்.

தேவையானவை: கைப்பேசி, அதை அசையாமல் பிடிக்கும் டிரைபாட், ஒரு நாற்காலி, ஒரு போர்வை, இரண்டாம் தந்திரத்துக்குக் கறுப்பு வெல்வெட் துணி. எடிட்டிங்குக்கு டாவின்சி ரிசால்வ் இலவசப் பதிப்பு போதும். கைப்பேசியிலேயே எடிட் செய்ய முடியாதா என்றால், முடியும். ஆனால் ஒவ்வொரு பிரேமாக (வீடியோவின் ஒவ்வொரு தனிப் படமாக) நகர்ந்து பார்க்க வேண்டிய வேலையை விரல் நுனியால் செய்ய எனக்குப் பொறுமை இல்லை. எடிட்டரில் கிளிப்பை இறக்குவது, வெட்டுவது, ஏற்றுமதி செய்வது ஆகியவை தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன்.

படி 1: கேமராவின் அறிவை அடக்குங்கள்

இன்றைய கைப்பேசிக் கேமராவுக்கு அறிவு அதிகம். ஆள் எழுந்து போனால் காட்சி இருண்டுவிட்டதாக நினைத்து வெளிச்சத்தைக் கூட்டும், குவியத்தை (ஃபோகஸ்) சுவரில் கொண்டுபோய் வைக்கும், நிறத்தையும் திருத்தும். மூன்றையும் பூட்ட வேண்டும். பல கைப்பேசிகளில் திரையை நீண்ட நேரம் அழுத்தினால் குவியமும் வெளிச்சமும் பூட்டப்படும். ஆண்ட்ராய்டு வைத்திருப்பவர்களுக்கு என் பரிந்துரை ஓபன் கேமரா செயலி: இலவசம், விளம்பரம் கிடையாது, பூட்டு என்றால் பூட்டு.

அடுத்தது என்னை ஒரு முழு மாலை அலைக்கழித்த விஷயம்: நடுக்கக் குறைப்பு. ஆங்கிலத்தில் ஸ்டெபிலைசேஷன் என்று அமைப்புகளில் இருக்கும், அதை அணைத்துவிடுங்கள். டிரைபாட் பாறைபோல் நின்றாலும், எதிரே ஆள் நகர்ந்தால் இந்த வசதி படத்தைத் தானாக ஓரிரு புள்ளிகள் இழுத்துச் சரிசெய்யப் பார்க்கும். என் நாற்காலி இடம்பெயர்ந்தது இதனால்தான். டிரைபாட்டை மாற்றிப் பார்த்தேன், காலுக்கு அடியில் செங்கல் வைத்தேன், மின்விசிறியைக்கூட நிறுத்தினேன். குற்றவாளி பெட்டிக்குள் இருந்தான்.

வெளிச்சத்துக்கு ஜன்னலை நம்பாதீர்கள். ஒரு மேகம் வந்தால் போதும், வெட்டு பளிச்சென்று தெரியும். மெலியெஸ் 1897இல் பாரிஸுக்கு அருகே மோந்த்ரேயில் கட்டிய ஸ்டூடியோ முழுக்கக் கண்ணாடி, அவர் பெரும்பாலும் சூரியனைத்தான் நம்பியிருந்தார். உங்களுக்கு டியூப் லைட் இருக்கிறது. ஷட்டர் வேகத்தை 1/50 விநாடி என்று வையுங்கள், நம் மின்சாரத்தில் விளக்கு மினுக்காது.

படி 2: நிறுத்தாமல் எடுங்கள்

இதுதான் இந்தப் பதிவின் உயிர்நாடி. மெலியெஸின் கொள்ளுப்பேரனும் ஆய்வாளருமான ழாக் மால்தேத் எஞ்சியிருக்கும் படங்களை ஆராய்ந்தபோது, ஆள் மறையும், மாறும் இடங்களில் எல்லாம் பிலிம் வெட்டி ஒட்டப்பட்டிருந்ததைக் கண்டார். அதாவது கேமராவை நிறுத்துவது பாதி வேலைதான். கையால் சுழற்றும் கேமராவை யாராலும் சட்டென்று நிறுத்த முடியாது. நிற்பதற்குள் வேகம் குறையும், வேகம் குறைந்தால் ஒவ்வொரு பிரேமிலும் வெளிச்சம் அதிகமாக விழும், அந்தச் சில பிரேம்கள் வெளிறிப்போகும். மறுபடி தொடங்கும்போதும் அதே கதி. மெலியெஸ் அந்தக் கெட்ட பிரேம்களை வெட்டி எறிந்து, நல்ல முனைகள் இரண்டையும் ஒட்டினார். மாயம் கேமராவில் நடந்தது பாதி, கத்தரிக்கோலில் நடந்தது மீதி.

ஆகவே நீங்களும் பதிவு பொத்தானை ஒரே ஒரு முறை தொடுங்கள், எல்லாம் முடிந்த பிறகுதான் மறுபடி தொடவேண்டும். நடுவில் சிறுமி எழுந்து போகட்டும், தண்ணீர் குடிக்கட்டும், “இன்னும் எவ்வளவு நேரம் மாமா?” என்று கேட்கட்டும். எல்லாம் பதிவாகட்டும். வெட்டத்தானே போகிறோம்.

படி 3: அசைவின் நடுவில் வெட்டுங்கள்

எல்லாம் பூட்டியும் என் மூன்றாவது முயற்சியில் குலுங்கல் போகவில்லை. இந்த முறை தவறு போர்வையைப் பிடித்திருந்த என்னிடம். சிறுமி எழுந்து போகும்வரை கையைத் தூக்கியபடி சிலையாக நின்றேன், பிறகு போர்வையை இழுத்தேன். சிலையாக நிற்பது மனிதனால் முடியாத காரியம். தோள் இறங்குகிறது, மூச்சு வாங்குகிறது, போர்வையின் மடிப்பு மாறுகிறது. அசையாத உருவத்தில் அரை அங்குல மாற்றத்தைக்கூடக் கண் உடனே பிடித்துவிடும்.

ஓடிக்கொண்டிருக்கும் அசைவில் அதே கண் ஏமாந்துபோகும். செய்யவேண்டியது இப்படி:

சிறுமி உட்கார்ந்திருக்கிறாள், மேலே போர்வை. நீங்கள் போர்வையின் மேல்முனைகளைப் பிடித்து வேகமாக இழுக்கிறீர்கள், முழுவதுமாக, அவள் வெளியே தெரியும்வரை. அந்த இழுப்பு வீணாகப்போகிறதே என்று கவலைப்படாதீர்கள். பிறகு சிறுமி போய்விடுகிறாள். காலியான நாற்காலியின் முதுகில் ஒரு தலையணையைச் சாய்த்து நிறுத்தி, போர்வையை மறுபடி மூடி, அதே நிலையிலிருந்து அதே வேகத்தில் இன்னொரு முறை இழுக்கிறீர்கள். தலையணையும் போர்வையோடு சேர்ந்து உங்கள் பக்கம் வந்துவிட வேண்டும், அதை ஊக்கு வைத்துப் போர்வையின் உட்புறம் குத்திவிடுங்கள்.

எடிட்டரில், முதல் இழுப்பு தொடங்கி மூன்று நான்கு பிரேம் ஆனதும் வெட்டுங்கள், அதாவது போர்வை கிளம்பிவிட்டது, ஆனால் சிறுமி இன்னும் தெரியவில்லை என்ற இடத்தில். இரண்டாம் இழுப்பில் போர்வை அதே உயரத்துக்கு வரும் பிரேமைத் தேடி அங்கிருந்து தொடருங்கள். இடையில் உள்ளதை எல்லாம் நீக்கி இரண்டையும் சேர்த்துவிடுங்கள். பிரேம் ஒன்று முன்னே, ஒன்று பின்னே என்று நகர்த்திப் பாருங்கள். நான் பதினோரு முறை நகர்த்தினேன். பன்னிரண்டாவது முறை போட்டபோது, எடுத்தவன் நானே என்றாலும், சிறுமி எங்கே போனாள் என்று ஒரு கணம் திகைத்தேன்.

1896இல் மெலியெஸ் எடுத்த முதல் மறைவுப் படத்தைப் பாருங்கள். மறையும் பெண் ழான் தால்சி, பிற்காலத்தில் அவர் மனைவி. மேடையில் புவாத்தியே தெ கோல்தா என்ற மந்திரவாதி புகழ்பெறச் செய்த வித்தை அது. தரையில் செய்தித்தாளை விரித்து, அதன்மேல் நாற்காலி போட்டுச் செய்வார்கள், கீழே பொறிக்கதவு இல்லை என்று காட்டுவதற்காக. உண்மையில் பொறிக்கதவு இருக்கும். படத்தில் பொறிக்கதவுக்குத் தேவையே இல்லை, ஆனாலும் மெலியெஸ் செய்தித்தாளை விரிக்கிறார்! எனக்கு மிகவும் பிடித்த நிமிடம் அது. பழைய மந்திரவாதியின் கை தன் பழக்கத்தை விடவில்லை. பெண் மறைந்த இடத்தில் ஓர் எலும்புக்கூட்டை வரவழைப்பது மட்டும் புதுசு, அது மேடையில் எளிதில் முடியாதது.

(நம் நாட்டில் ‘ராஜா ஹரிச்சந்திரா’ எடுத்த தாதாசாகேப் பால்கேயும் மேடையில் மந்திர வித்தை காட்டியவர்தான். தன் பெயரைத் திருப்பிப் போட்டு ‘பேராசிரியர் கெல்ஃபா’ என்று வைத்துக்கொண்டார். இதைப் பற்றித் தனியே எழுத வேண்டும்.)

படி 4: மேசைமேல் ஒரு தலை

வெட்டு கைவந்துவிட்டால் இதற்கு வாருங்கள், அதற்கு முன் வேண்டாம். 1898இல் மெலியெஸ் தன் தலையைக் கழற்றி மேசைமேல் வைக்கிறார். மறுபடி முளைத்த தலையையும் கழற்றுகிறார். மூன்று தலைகள் மேசைமேல் பாட, அவர் பாஞ்சோ வாசிக்கிறார், கடைசியில் பாட்டுச் சத்தம் தாங்காமல் பாஞ்சோவாலேயே இரண்டு தலைகளை அடித்து ஒழிக்கிறார். கறுப்புப் பின்னணிதான் ரகசியம். கறுப்பு இருக்கும் இடத்தில் பிலிமின்மேல் ஒளி விழுவதில்லை, அந்த இடம் இன்னும் வெற்றாகவே இருக்கிறது. பிலிமைப் பின்னோக்கிச் சுற்றி, அந்த வெற்றிடத்தில் அடுத்த தலையைப் பதிக்கலாம். ஒரு தலை தவறான பக்கம் திரும்பினாலும் எல்லாம் முதலிலிருந்து.

நமக்கு அந்த ஆபத்து இல்லை, தனித்தனியாக எடுத்து அடுக்கலாம். முதல் பதிவில் மேசை, நீங்கள், பின்னால் வெல்வெட். இரண்டாம் பதிவில் கேமராவைத் தொடாமல் மேசையை அகற்றி, கழுத்துவரை வெல்வெட் போர்த்திய சிறுமியை உட்கார வையுங்கள், கழுத்து முடியும் இடம் மேசையின் மேற்பரப்பு இருந்த கோட்டில் வரவேண்டும். ரிசால்வில் இரண்டாவதை முதலாவதன் மேல் வைத்து, கலப்பு முறையை ‘லைட்டன்’ என்று மாற்றுங்கள். பல வீடியோக்களில் ‘ஸ்கிரீன்’ என்பார்கள், கேட்காதீர்கள். ஸ்கிரீனில் இரண்டு பதிவுகளின் மங்கல் சாம்பலும் கூடிக்கொண்டு கறுப்பு வெளுத்துவிடும். லைட்டனில் எது வெளிச்சமோ அது மட்டும் நிற்கும்.

துணியில் கஞ்சத்தனம் வேண்டாம். நான் முதலில் கறுப்புப் பருத்திப் போர்வையில் எடுத்தேன், விளக்கு பட்டதும் சாம்பல் பூசணிபோல் ஆகிவிட்டது. சாட்டின் அதைவிட மோசம், பளபளக்கும். வெல்வெட்தான் ஒளியை விழுங்கும்.

தலைகள் ஒன்றையொன்று பார்த்துப் பேசவேண்டுமானால், இன்னொரு கைப்பேசியில் உங்கள் குரலில் எண்ணிக்கை பதிந்து ஒவ்வொரு முறையும் ஓடவிடுங்கள்: மூன்றில் வலப்பக்கம் பார், ஏழில் சிரி, பத்தில் நாக்கை நீட்டு.

பின்சேர்க்கை 1

சிறுமியின் தலைமுடி காணவில்லை, முகம் மட்டும் முகமூடிபோல் மிதக்கிறது என்று இருவர் எழுதியிருந்தார்கள். எனக்கும் நடந்தது, எழுத மறந்துவிட்டேன். கருங்கூந்தலும் கறுப்புதானே, லைட்டன் அதையும் விழுங்கிவிடுகிறது. பக்கவாட்டில் சற்றுப் பின்னாலிருந்து ஒரு விளக்கு போடுங்கள், தலையில் தாராளமாகத் தேங்காய் எண்ணெய் தடவுங்கள். மினுமினுப்பு கூந்தலின் உருவத்தைக் காப்பாற்றும். என் அக்காவுக்கு இந்தப் படத்திலேயே பிடித்த பகுதி இதுதான்.

பின்சேர்க்கை 2

ஒருவருக்கு எண்ணிக்கை சரியாக இருந்தும் தலைகள் போகப்போகத் தாளம் தவறுகின்றன. கைப்பேசி பல நேரம் நொடிக்கு 30 பிரேம் என்று சொல்லிக்கொண்டு 29, 30, 28 என்று எடுக்கும். எடிட்டரில் இறக்குமுன் ஹேண்ட்பிரேக் என்ற இலவச மென்பொருளில் போட்டு, பிரேம் வேகத்தை நிலையானதாக மாற்றிக்கொள்ளுங்கள். இரண்டு பதிவுகளுக்கும் ஒரே எண் இருக்கட்டும்.

பின்சேர்க்கை 3

முதல் பதிவில் மேசையோடு இருப்பவர் தலையில்லாத உடலாகத் தெரிய, வெல்வெட் பையை முகத்தில் மாட்டலாமா என்று கேட்டிருக்கிறார்கள். பெரியவர்கள் மட்டும், பின்புறம் முழுக்கத் திறந்த முகத்திரையாக, அதுவும் பத்து விநாடிக்கு. குழந்தைக்கு வேண்டாம். எங்கள் படத்தில் தலையில்லாத உடல் நான், பேசும் தலை அவள். அவள் என்னை இன்னும் அந்தப் பெயரிலேயே கூப்பிடுகிறாள்.