மட்டுறுத்துநர் இருக்கிறார் என்ற நம்பிக்கையில் செய்யும் தவறுகள்

மென்பொருள் பகிரும் தளங்களுக்கு மட்டுறுத்துநர்கள், அதாவது அங்கு வருவதைக் கண்காணித்துத் தவறானதை நீக்கும் பொறுப்பாளர்கள், கட்டாயம் தேவை. ஆனால் அவர்கள் இருப்பதாலேயே அங்குள்ள ஒவ்வொன்றையும் யாரோ சோதித்துப் பார்த்திருப்பார்கள் என்று நம்புவது பெரிய தவறு. பல தளங்களில் அவர்களுடைய வேலை புகார் வந்த பிறகுதான் தொடங்குகிறது.

2025 ஜூலை 16 அன்று, ஆர்ச் லினக்ஸ் என்ற இயங்குதளத்தின் பயனர்கள் மென்பொருள் பகிரும் ஏயூஆர் களஞ்சியத்தில் ஃபயர்ஃபாக்ஸ் போன்ற உலாவிகளுக்குத் திருத்தம் என்ற பெயரில் சில தொகுப்புகள் (நிறுவுவதற்கான மென்பொருள் கட்டுகள்) ஏறின. உள்ளே இருந்ததோ, கணினியைத் தொலைவிலிருந்து கைப்பற்றும் தீநிரல். பொறுப்பாளர்கள் அவற்றை 18ஆம் தேதி நீக்கிவிட்டார்கள். இடைப்பட்ட நாட்களில் நிறுவியவர்களுக்கு அது உதவவில்லை. ஏயூஆரில் எந்தத் தொகுப்பு எங்கிருந்து எதை இறக்குகிறது என்பது பிகேஜிபில்டு என்ற சிறு கோப்பில் வெளிப்படையாகவே இருக்கும். அன்றும், நிரல்களைப் பகிரும் கிட்ஹப் தளத்தின் தொடர்பில்லாத ஒரு முகவரி அதில் இருந்தது. இரண்டு நிமிடம் ஒதுக்கி அதைப் படியுங்கள்.

பழைய தொகுப்பு, பலரும் பயன்படுத்துவது, அதனால் ஆபத்தில்லை என்பதும் தவறான கணக்கு. ஜாவாஸ்கிரிப்ட் நிரலாளர்கள் தொகுப்புகளைப் பகிரும் என்பிஎம் தளத்தின் ஈவென்ட்-ஸ்ட்ரீம் அப்படிப்பட்ட ஒன்றுதான். 2018இல் அதை உருவாக்கியவர், உதவ முன்வந்த முகம் தெரியாத ஒருவரிடம் பொறுப்பை ஒப்படைத்தார். வந்தவர் பிட்காயின் பணப்பைகளைத் திருடும் நிரலை நுழைத்தார். அது வெளிப்படப் பல வாரங்கள் ஆயின. பராமரிப்பவர் மாறியிருந்தால், அடுத்த பதிப்பை உடனே ஏற்காமல் சற்றுப் பொறுங்கள்.

என்னை மிகவும் வருத்துவது வேறொன்று. சம்பளமில்லாமல் உழைப்பவர்களை "ஏன் இவ்வளவு தாமதம்?" என்று விரட்டுகிறோம். லினக்ஸில் கோப்புகளைச் சுருக்கப் பயன்படும் எக்ஸ்இசட் கருவியைத் தனியாகப் பராமரித்துக் களைத்திருந்தவரைப் போலிக் கணக்குகள் என்று கருதப்படும் சில பெயர்கள் 2022இல் இப்படித்தான் நெருக்கின. அவருக்குத் துணையாக வந்த கணக்கே பின்னர் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் பின்கதவு (கணினிக்குள் ரகசியமாக நுழையும் வழி) வைத்தது. 2024 மார்ச்சில், தொலைவிலிருந்து கணினிக்குள் நுழைவது அரை நொடி தாமதமாவதைக் கவனித்துத் துருவிய ஆண்ட்ரெஸ் ஃபிராய்ண்ட் என்ற பொறியாளர் அதைக் கண்டுபிடித்தார். அவசரப்படுத்தும் அந்தக் குரல்களை அடக்க அங்கே ஒரு மட்டுறுத்துநர் இருந்திருக்க வேண்டும்.

சந்தேகம் வந்தால் நிரலை அழித்துவிட்டு நகர்ந்துவிடாதீர்கள். தொகுப்பின் பெயர், பதிப்பு எண், நீங்கள் கண்ட மாற்றம் மூன்றையும் எழுதிப் பொறுப்பாளர்களுக்கு அனுப்புங்கள்.