மின் ஸ்கூட்டரை வெயிலில் சார்ஜ் செய்ய: பேனல் வாங்குமுன் போட வேண்டிய கணக்கு

மின் ஸ்கூட்டர் வாங்கியவர்களில் பலர், மொட்டைமாடியில் ஒரு சோலார் பேனலைப் பொருத்தி வண்டியை வெயிலிலேயே சார்ஜ் செய்துவிடலாமா என்று யோசிக்கிறார்கள். தமிழ்நாட்டின் வெயிலுக்கு அது தாராளமாக முடியும். ஆனால் எத்தனை வாட் பேனல் வேண்டும் என்று கடைக்காரரிடம் கேட்பதற்கு முன், காலை 10 மணி முதல் பிற்பகல் 3 மணி வரை உங்கள் வண்டி எங்கே நிற்கிறது என்பதற்கு விடை வைத்திருக்க வேண்டும். ஒரு நாளின் சூரிய மின்சாரத்தில் பெரும்பகுதி அந்த ஐந்து மணி நேரத்தில்தான் கிடைக்கிறது. அலுவலகத்துக்குச் செல்பவரின் வண்டியோ அப்போது வேறொரு கூரையின் கீழ் நின்றுகொண்டிருக்கும்.

முதலில் தேவையைக் கணக்கிடுவோம். நகரச் சாலையில் ஓடும் சாதாரண மின் ஸ்கூட்டர் ஒரு கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 30 வாட்-மணி செலவழிக்கிறது. நாளொன்றுக்கு 30 கிலோமீட்டர் ஓட்டுபவருக்கு 900 வாட்-மணி ஆகிறது. சார்ஜரில் வெப்பமாக வீணாவதையும் சேர்த்தால், சுவரிலுள்ள பிளக்கிலிருந்து 1 யூனிட்டுக்குச் (1,000 வாட்-மணி) சற்று அதிகமாக எடுக்கும். நம் ஊரில் நிழல்படாத இடத்தில் வைத்த 1 கிலோவாட் பேனல், ஆண்டுச் சராசரியாக நாளுக்கு 4 யூனிட் தருகிறது. ஆகவே 300 வாட் பேனலே போதும் என்று தாளில் விடை வரும். ஆனால், பகலில் விளைந்த மின்சாரத்தை ஒரு லெட்-ஆசிட் பேட்டரியில் சேமித்து, இரவில் இன்வெர்ட்டர் வழியாக எடுத்து, வண்டியின் சார்ஜருக்குக் கொடுத்தால், ஒவ்வொரு படியிலும் இழப்பு ஏற்பட்டு, பேனல் தர வேண்டிய அளவு ஒன்றரை யூனிட்டை எட்டிவிடும். மேகமூட்டமான நாட்களையும் கருதினால், இப்போது பரவலாகக் கிடைக்கும் 540 வாட் பேனல் ஒன்று தேவைப்படும்.

வண்டியின் மேலேயே பேனலைப் பொருத்தும் யோசனையை இந்தக் கணக்கே விலக்கிவிடுகிறது. ஸ்கூட்டரில் கிடைக்கும் இடத்தில் 50 வாட் பேனலுக்கு மேல் வைக்க இயலாது. நாள் முழுவதும் வெயிலில் நிறுத்தினாலும் ஐந்தாறு கிலோமீட்டருக்கான மின்சாரமே சேரும். அதற்காக வண்டியின் பேட்டரியை நாள் முழுவதும் வெயிலில் காயவைப்பது அதன் ஆயுளைக் குறைக்கும். பேனல் வெயிலிலும் வண்டி நிழலிலும் இருப்பதே சரியான ஏற்பாடு.

சொந்த வீடும் மாடியும் உள்ளவர்களுக்கு நான் தயங்காமல் பரிந்துரைப்பது, மின்வாரிய இணைப்போடு சேர்ந்து இயங்கும் ஆன்-கிரிட் அமைப்பைத்தான். பகலில் வீட்டின் தேவைக்குப் போக மிஞ்சும் மின்சாரம், போவதையும் வருவதையும் அளக்கும் இருவழி மீட்டர் வழியாக வாரியத்துக்குச் செல்கிறது. இரவில் வண்டிக்கு எடுப்பது அதில் கழிக்கப்படுகிறது. இடையில் பேட்டரி இல்லாததால் அதன் விலையும் இழப்பும் இல்லை; வண்டி பகலில் எங்கே நின்றாலும் கவலையில்லை. 2024 பிப்ரவரியில் தொடங்கப்பட்ட பிரதமரின் சூரிய வீடு திட்டத்தில் 1 கிலோவாட்டுக்கு 30,000 ரூபாயும், 2 கிலோவாட்டுக்கு 60,000 ரூபாயும், 3 கிலோவாட்டுக்கும் அதற்கு மேலும் 78,000 ரூபாயும் மானியமாக வழங்கப்படுகிறது. 1 கிலோவாட் அமைப்பு இரண்டு மாதத்தில் சுமார் 240 யூனிட் தரும்; வண்டிக்கு அதில் கால் பங்குக்குச் சற்று அதிகம் போதும். மீதி வீட்டுக்கே பயன்படுவதால்தான் போட்ட பணம் திரும்புகிறது. ஒரு குறையை மட்டும் முன்பே அறிந்துகொள்ளுங்கள்: கரண்ட் போனால் இந்த அமைப்பும் நின்றுவிடும். கம்பியில் வேலை செய்யும் ஊழியருக்கு மின்சாரம் பாயாதிருக்க அப்படி வடிவமைத்திருக்கிறார்கள்.

வண்டிக்காக மட்டும் தனியாகப் பேனல், பேட்டரி, இன்வெர்ட்டர் வாங்க நினைப்பவர்கள், செலவை ஒருமுறை எழுதிப் பார்க்க வேண்டும். வண்டிக்கு இரண்டு மாதத்தில் ஆவது 65 யூனிட் அளவுதான். யூனிட் 5 ரூபாய் என்று வைத்தாலும் மிச்சம் 325 ரூபாய். வீட்டின் மொத்தப் பயன்பாடு இலவசமான முதல் 100 யூனிட்டுக்குள் அடங்கினால் அதுவும் இல்லை. இன்வெர்ட்டர் பேட்டரியை நான்கைந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்ற ஆகும் செலவையே இந்தத் தொகை ஈடுகட்டாது. அடிக்கடி கரண்ட் போகும் ஊரிலும், மின் இணைப்பில்லாத தோட்டத்திலும் இருப்பவர்களுக்கு மட்டுமே இது பொருந்தும்.

வீட்டில் ஏற்கெனவே இன்வெர்ட்டர் இருந்தால், அதில் செருகுமுன் சார்ஜரின் அடியிலுள்ள லேபிளைப் படியுங்கள். வேகமாக ஓடும் லித்தியம் பேட்டரி வண்டிகளின் சார்ஜர்கள் பொதுவாக 650 வாட்டுக்கு மேல் இழுக்கும். அதை 850 விஏ (வோல்ட்-ஆம்பியர்) திறனுள்ள இன்வெர்ட்டரில் விசிறி, விளக்குகளோடு சேர்த்துப் போட்டால் இன்வெர்ட்டர் ட்ரிப் ஆகும். 12 வோல்ட், 150 ஆம்பியர்-மணி பேட்டரி ஒன்றில் பாதிக்கு மேல் எடுக்காமலிருப்பது அதற்கு நல்லது. அப்படியென்றால் கையில் இருப்பது முக்கால் யூனிட்டுக்குச் சற்று அதிகம்தான். இன்வெர்ட்டர், வாரிய மின்சாரத்தைப் போலச் சீரான அலையைத் தரும் தூய சைன் அலை வகையாகவும் இருக்க வேண்டும்.

வேகம் 25 கிலோமீட்டருக்குள் அடங்கிய, உரிமம் தேவைப்படாத சிறு ஸ்கூட்டர் வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு வழியும் உண்டு. அவற்றில் பல, 12 வோல்ட் லெட்-ஆசிட் பேட்டரிகள் நான்கைத் தொடராக இணைத்த 48 வோல்ட் வண்டிகள். வண்டி பகலில் கடையிலோ வீட்டிலோ நிற்குமானால், பேனலின் மின்சாரத்தைப் பேட்டரிக்கு ஏற்றபடி மாற்றித் தரும் எம்பிபிடி சார்ஜ் கன்ட்ரோலர் என்ற கருவி வழியாக நேரடியாகவே சார்ஜ் செய்யலாம். இந்தப் பேட்டரி முழுமையாகச் சார்ஜ் ஆக 58 வோல்ட் அளவுக்கு வேண்டும். 540 வாட் பேனலின் வேலை வோல்டேஜ் 41 அளவில்தான் இருப்பதால் அது ஒன்றால் ஆகாது. 18 வோல்ட் தரும் 50 வாட் பேனல்கள் நான்கைத் தொடராக இணைத்தால் 72 வோல்ட் கிடைக்கும். மின்னோட்டமும் மூன்றரை ஆம்பியருக்குள் நின்று 24 ஆம்பியர்-மணி பேட்டரிக்கு ஏற்றதாக அமையும். சுமை இல்லாதபோது நான்கும் சேர்ந்து 88 வோல்ட் வரை காட்டும் என்பதால், கன்ட்ரோலர் 100 வோல்ட்டுக்கு மேல் தாங்குவதாக இருக்கட்டும். இடையில் வைக்கும் எம்சிபி (கோளாறு வந்தால் மின்சாரத்தைத் தானாகத் துண்டிக்கும் சுவிட்ச்), பேனல் தரும் டிசி மின்சாரத்துக்கென்றே செய்யப்பட்டதாக இருக்க வேண்டும். வீட்டு மின்சாரத்துக்கான ஏசி எம்சிபி, டிசி மின்பொறியை அணைக்காமல் தீப்பிடிக்க இடம் கொடுத்துவிடும். ஒரு நல்ல பகலில் இந்த ஏற்பாடு சுமார் 20 கிலோமீட்டர் ஓட்டத்தைத் தரும். லித்தியம் வண்டியில் இதை முயலவே வேண்டாம். அதன் பிஎம்எஸ்ஸும் (பேட்டரியைக் கண்காணித்துக் காக்கும் மின்னணு அமைப்பு) சார்ஜரும் ஒன்றுக்கொன்று பொருந்தச் செய்யப்பட்டவை. சார்ஜரைத் தவிர்த்து நேரடியாகக் கொடுப்பது வாரண்டியை இழக்கச் செய்வதோடு தீ அபாயத்தையும் வரவழைக்கும்.

இடம் தேர்வதில் அவசரம் கூடாது. காலை 9, நண்பகல், பிற்பகல் 3 ஆகிய வேளைகளில் மாடிக்குச் சென்று, தண்ணீர்த் தொட்டி, படிக்கட்டு அறை, தென்னை மட்டை ஆகியவற்றின் நிழல் விழும் எல்லையைச் சாக்கட்டியால் வரைந்துவிடுங்கள். மார்கழியில் சூரியன் தெற்கே தாழ்ந்திருக்கும்போது நிழல் இன்னும் நீளும். அதற்கும் இடம் விடுங்கள். பேனலின் ஓர் ஓரத்தில் விழும் சிறு நிழல்கூட அதன் உற்பத்தியில் மூன்றில் ஒரு பங்கைப் பறிக்கக்கூடும். பேனலைத் தெற்கு நோக்கி, 10 முதல் 13 டிகிரி சாய்வில் வையுங்கள். வெப்பம் ஏற ஏற உற்பத்தி குறையும் என்பதால், பேனலுக்கும் தளத்துக்கும் இடையே காற்று புக இடைவெளி தேவை.

பேனலைக் கழுவ வெயில் ஏறாத காலை வேளையே ஏற்றது. போர் தண்ணீர் உப்பாக இருந்தால் காயவிடாமல் துடைத்துவிட வேண்டும், இல்லையேல் கண்ணாடியில் வெள்ளைப் படலம் படிந்து நாளடைவில் போகாமல் நின்றுவிடும். ஐப்பசி, கார்த்திகை மழை நாட்களில் உற்பத்தி வெகுவாகக் குறையும். தனி அமைப்பு வைத்திருப்பவர்கள் அப்போது வாரிய மின்சாரத்தில் சார்ஜ் செய்ய, எர்த் சரியாக உள்ள ஒரு 15 ஆம்பியர் பிளக்கை வண்டி நிற்கும் இடத்திலேயே அமைத்துக்கொள்ள வேண்டும்.